கோழிக்குக் கண் வீங்கினால் என்ன செய்யலாம்?



ஐப்பசி, கார்த்திகை மழையிலும், மாசி, பங்குனியில் வெயில் ஏறும்போதும் நமது கூட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "ஏனுங்க, எங்க வெடக்கோழிக்குக் கண்ணு வீங்கி மூடிக்கிச்சு, என்னத்தப் போடறது?" கேட்டு முடிப்பதற்குள் பக்கத்தில் உள்ளவர் ஒரு வைத்தியம் சொல்வார், எதிரில் உள்ளவர் இன்னொன்று சொல்வார். அடுத்த கூட்டத்தில் விசாரித்தால், "அது அப்பவே போயிருச்சுங்க" என்பதுதான் பல நேரம் பதிலாக இருக்கிறது.

மாடு வாங்கவோ விற்கவோ வீட்டில் நாலு பேரைக் கேட்க வேண்டும். கோழி அப்படியல்ல. பொடக்காளியில் மேயும் கோழியும், அது போடும் முட்டையும் நம் கைக்காசு. நாட்டுக்கோழி ஒன்று ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை வரை போடும், அடை உட்கார்ந்து 21 நாளில் குஞ்சும் பொரித்துத் தரும். குழுச் சேமிப்பும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமும் பல வீடுகளில் இதிலிருந்துதான் வருகின்றன. அப்படிப்பட்ட கோழி ஒரு கண் நோயில் போவது சாதாரண நட்டம் இல்லை. அதுவும் பெரும்பாலும் காப்பாற்றக்கூடிய கோழியாக இருக்கும்.

எனவே "என்னத்தப் போடறது" என்ற கேள்விக்குக் கொஞ்சம் பிறகு வருவோம். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை வேறு.

முதலில் தண்ணீர், பிறகு மருந்து

கண் வீங்கிய கோழி பெரும்பாலும் கண் நோயால் சாவதில்லை. பட்டினியாலும் தாகத்தாலும் சாகிறது. கோழிக்குத் தீனி தேட மூக்கு உதவாது, கண்தான் எல்லாம். ஒரு கண் மூடினாலே கொத்து குறி தவறும். இரண்டும் மூடினால் தண்ணீர்த் தட்டு எதிரில் இருந்தாலும் அதற்குத் தெரியாது. மற்ற கோழிகள் வேறு கொத்தி விரட்டும். அது ஒரு மூலையில் இறக்கையைத் தொங்கப் போட்டு நிற்கும். நாம் நோய் முற்றிவிட்டது என்று நினைப்போம். உண்மையில் அது இரண்டு நாளாக ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்காது.

ஆகவே முதல் வேலை, அந்தக் கோழியைத் தனியாகப் பிரிப்பது. பெரிய கொடாப்பு போதும். நிழலான, காற்றோட்டமான இடத்தில் கவிழ்த்து, அடியில் காய்ந்த கடலைத்தோலோ வைக்கோலோ பரப்பி விடுங்கள். மற்ற கோழிகள் மேயும் இடத்திலிருந்து தள்ளியே இருக்கட்டும். நோய் தொற்றுவதாக இருந்தால் அதுவும் இதில் தடைபடும்.

இரண்டாவது வேலை தீனியும் தண்ணீரும். கோழியை மடியில் அணைத்துப் பிடித்து, அலகின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட வையுங்கள். நனைந்ததும் தானே உறிஞ்சும். அதுவும் முடியாத கோழிக்கு அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடலாம். வாயைப் பிளந்து ஊற்றக் கூடாது. ஊற்றினால் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கிக் கோழி நம் கையிலேயே போய்விடும். பழைய சோறு, கம்பஞ்சோறு, அவித்த முட்டையை நசுக்கியது, ஊறிய மக்காச்சோளக் குருணை எதுவானாலும் ஈரமாகப் பிசைந்து, ஆழமான கனத்த கிண்ணத்தில் வைத்து, தலையை மெல்ல அதில் கொண்டுபோய்க் காட்டுங்கள். தினமும் ஒரே இடத்தில், ஒரே கிண்ணத்தில் வைத்தால் இரண்டாம் நாள் தானே தேடி வரும். நாம் கூப்பிடும் குரலும் கிண்ணத்தைத் தட்டும் சத்தமும் அதற்குப் பழக்கம்தானே.

தின்றதா இல்லையா என்று சந்தேகம் வேண்டாம். அந்தி சாய்ந்ததும் கழுத்துக்குக் கீழே தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்திருந்தால் எலுமிச்சம்பழம் போல உருண்டையாகக் கைக்குத் தெரியும். காலியாக இருந்தால் படுக்கும் முன் இன்னொரு முறை ஊட்டுங்கள்.

ஒரு கண்ணா, இரண்டு கண்ணா? ஒரு கோழியா, பல கோழியா?

கண் வீக்கம் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. நமக்குக் காய்ச்சல் வருவது போல, பல நோய்களுக்கு அது ஓர் அடையாளம். அதனால்தான் ஒரு வீட்டில் கேட்ட வைத்தியம் இன்னொரு வீட்டில் கேட்பதில்லை.

ஒரே கோழிக்கு, ஒரே கண்ணில் மட்டும் வீக்கம் என்றால் அநேகமாக அடிபட்டிருக்கும். சேவல் சண்டை, வேலிமுள், இன்னொரு கோழியின் கொத்து, கண்ணில் விழுந்த உமி, இவற்றில் ஏதாவது ஒன்று. இமையை மெல்ல விலக்கிப் பாருங்கள். கருவிழி தெளிவாக இருந்தால் கழுவி வந்தாலே நாலைந்து நாளில் வாடிவிடும். கருவிழி மேல் வெள்ளையாகப் படர்ந்திருந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும்.

இரண்டு கண்ணிலும் நீர் வடிகிறது, பல கோழிக்கும் அப்படியே, ஆனால் தீனி எடுக்கின்றன என்றால் கோழியை விட்டுவிட்டுக் கூட்டைப் பாருங்கள். மழைக்காலத்தில் எச்சம் ஈரத்தோடு கிடந்தால் அதிலிருந்து அமோனியா என்ற கார ஆவி கிளம்பும். நின்று முகர்ந்தால் நமக்குத் தெரியாது. கோழியின் தலை மட்டத்துக்குக் குனிந்து முகருங்கள். நமக்கே கண் எரிந்தால் இரவெல்லாம் அங்கே அடைந்து கிடக்கும் கோழிக்கு எப்படி இருக்கும்? நரி, கீரிக்குப் பயந்து நாலு பக்கமும் தகரம் அடித்த கூடுகளில் இது அதிகம். இரண்டு பக்கமாவது வலை வைத்து, ஈரக் கழிவை அள்ளி, காய்ந்த புதுத் தோலைப் பரப்பினால் மருந்தில்லாமலே சரியாகும். கூட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தால் நன்றாகக் காய்ந்த பிறகே கோழியை அடையுங்கள். சுண்ணாம்புத் தூளும் கண்ணை அரிக்கும்.

கொண்டை, தாடி, இமை, அலகோரம் ஆகிய இடங்களில் கடுகு, மிளகு அளவில் பரு கிளம்பி, கருத்த பொருக்காக மாறினால் அது கோழி அம்மை. நம் பக்கத்தில் கண்ணை மூட வைக்கும் நோய்களில் இதுதான் நிறையப் பேர் பார்த்திருப்பது. இமையில் பரு வந்து, வீங்கி, பீளை கட்டி, இரண்டு இமையும் ஒட்டிக்கொள்ளும். இது வைரஸ் கிருமியால் வருவது. கொசு கடித்துப் பரவும், காயம் வழியாகவும் பரவும். மனிதருக்கு வரும் அம்மைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கோழிக்கு வந்தால் நம் பிள்ளைகளுக்கு ஒட்டாது. "அம்மா வந்திருக்கா, மருந்து காட்டக் கூடாது" என்று கோழியை அப்படியே விட்டுவிடும் வீடுகள் உண்டு. அவரவர் நம்பிக்கையை நாம் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வேப்பிலை கட்டின கையோடு தண்ணீரும் ஊட்டலாம் அல்லவா? இந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. மூன்று, நான்கு வாரத்தில் பொருக்கு தானே உதிர்ந்து கோழி தேறிவிடும். அத்தனை நாளும் அதற்குத் தீனி போக வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. பொருக்கைப் பிய்க்காதீர்கள். ரத்தம் கசிந்து புண்ணாகும், கிருமியும் பரவும். உதிர்ந்த பொருக்கில் மாதக்கணக்கில் கிருமி உயிரோடு இருக்கும், கூட்டி எரித்துவிடுங்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக் கொண்டை, தாடிப் பருக்களில் தடவலாம். கண்ணுக்குள் போகக் கூடாது. வாய்க்குள் மஞ்சள் நிறத் தோல் படிந்து மூச்சு வாங்கினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

முகமே உப்பி, மூக்கில் சளி ஒழுகி, கிட்டே முகர்ந்தால் கெட்ட நாற்றம் அடித்தால் அது தொற்றுச்சளி. கொரைசா என்று மருத்துவர்கள் சொல்வார்கள். இரண்டு மூன்று நாளில் கூட்டம் முழுவதும் பரவும். எல்லாம் வாய் வைக்கும் தண்ணீர்த் தட்டுதான் இதற்கு வழி. கண்ணோரம் சோப்பு நுரை போல நுரைத்து, இரவில் அருகில் போனால் கரகரவென்று மூச்சுச் சத்தம் கேட்டால் அது மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும் நாள்பட்ட சளி. இது முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். இந்த இரண்டுக்கும் மருந்து உண்டு, மருத்துவர் எழுதித் தர வேண்டும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. தேறிய கோழியின் உடம்பிலும் கிருமி தங்கியிருக்கும். பார்க்க நன்றாக இருக்கும், பக்கத்துக் கோழிக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். எனவே இதில் தேறிய கோழியை அடை வைக்க வேண்டாம். சந்தையில் வாங்கிய கோழியை அன்றைக்கே நம் கோழிகளோடு விடவும் வேண்டாம். மூன்று வாரமாவது தனியாக வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். உறவுக்காரர் சீராகக் கொடுத்த கோழியானாலும் இதே கணக்குத்தான்!

கூண்டிலேயே அடைத்து அரிசி நொய், வெள்ளைச் சோளம், கம்பு மட்டும் போட்டு வளர்க்கும் கோழிக்கு உயிர்ச்சத்து ஏ குறைந்தும் கண் கெடும். இமைக்குள் வெள்ளைக் கட்டி சேரும், வாயைத் திறந்தால் உள்ளே சிறு வெள்ளைப் பருக்கள் தெரியும். முருங்கைக் கீரை, அகத்தி, கொத்தமல்லித் தழை, மஞ்சள் மக்காச்சோளம் இவற்றில் அந்தச் சத்து இருக்கிறது. நம் வாசல் முருங்கையை விடக் கைக்கெட்டும் மருந்து வேறு எது? ஆனால் ஏற்கெனவே கண் மூடிய கோழிக்குக் கீரை மட்டும் போதாது, சத்து மருந்தும் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

அரிதாக, கோழி காலால் கண்ணைச் சொறிந்துகொண்டே இருக்கும், இமைக்குள் மெல்லிய வெள்ளை நூல் போலப் புழு நெளியும். குப்பையில் உள்ள ஒரு வகைக் கரப்பான் பூச்சியைத் தின்பதால் வருவது இது. மருத்துவர் கண்ணை மரத்துப்போக வைத்து எடுத்துவிடுவார்.

கண்ணைக் கழுவும் முறை

நமக்குக் கட்டி உடைந்தால் சீழ் நீராக ஒழுகும். கோழிக்கு அப்படி இல்லை. அதன் வெள்ளை அணுக்களில் சீழை இளக்கும் பொருள் இல்லாததால், சீழ் திரிந்த பால் கட்டி போல இறுகிவிடும். வீங்கின கண்ணைத் தொட்டால் கல் போல இருப்பது இதனால்தான். இந்தக் கட்டி உள்ளே அடைத்திருக்கும்போது மேலே எந்த மருந்தைத் தடவினாலும் உள்ளே போகாது. பல பேர் "மருந்து போட்டும் கேட்கலைங்க" என்று சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, தலைதட்டிய ஒன்றரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கரைத்து ஆற விடுங்கள். கண்ணீரின் உப்பளவு கிட்டத்தட்ட இதுதான், அதனால் எரியாது. கை பொறுக்கும் வெதுவெதுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். கோழியை ஒரு துண்டில் இறக்கையோடு சேர்த்துச் சுற்றினால் அடங்கி இருக்கும். நெஞ்சை இறுக்கக் கூடாது, கோழி நெஞ்சு அசைந்தால்தான் மூச்சு விட முடியும். சுத்தமான பருத்தித் துணியை அந்த நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண் மேல் ஐந்து நிமிடம் ஒத்தி வையுங்கள். ஆறினால் மறுபடி நனையுங்கள். அவசரப்படாதீர்கள், இந்த ஐந்து நிமிடம்தான் வைத்தியமே. பீளை ஊறி இமை தானே பிரியும். பிறகு மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் உப்பு நீரை எடுத்து மெல்ல விட்டு அலசுங்கள்.

உள்ளே வெள்ளைக் கட்டி ஆடிக்கொண்டு தெரிந்தால், நனைத்த பஞ்சால் இமையோரத்தை லேசாக அழுத்த, நழுவி வந்துவிடும். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். மாலையில் மறுபடி ஊற வையுங்கள். நாளைக்கு இரண்டு மூன்று முறை செய்தால் ஓரிரு நாளில் இளகும். குச்சியால் நோண்டுவது, ஊசியால் குத்துவது, பிளேடால் கீறுவது எதுவும் கூடாது. கட்டிக்கு அடியில் உயிருள்ள கண் இருக்கிறது. இரண்டு நாளாகியும் அசையாத கட்டியை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு கோழிக்கும் துணி தனி. முடிந்ததும் எரித்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நல்ல கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டுக் கடைசியாகத்தான் சீக்குக் கோழியைத் தொட வேண்டும்.

கண்ணில் போடக் கூடாதவை

சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், புகையிலைச் சாறு, வெங்காயச் சாறு, பச்சிலைச் சாறு எதுவும் கண்ணுக்குள் வேண்டாம். வடிகட்டாத பச்சிலைச் சாற்றில் உள்ள திப்பியே கருவிழியைக் கீறிவிடும்.

வீட்டில் நமக்கு வாங்கி மிச்சம் வைத்த கண் களிம்பு இரண்டு வகையில் ஆபத்து. அதில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. கருவிழியில் புண் இருந்தால் அதைப் பெரிதாக்கிக் கண்ணையே கெடுக்கும். இன்னொன்று, மெடிக்கலில் மலிவாகக் கிடைக்கும் குளோரம்பெனிகால் கேப்சூல். உணவுக்காக வளர்க்கும் எந்தக் கால்நடைக்கும் இந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 2025-ல் தடை செய்துவிட்டது. கோழி உடம்பிலிருந்து அது முட்டைக்கும் கறிக்கும் வரும், அந்த முட்டையைத் தின்பது நம் பிள்ளைகள்தான்.

ஆகவே மருந்துக்கு அரசு கால்நடை மருந்தகத்துக்கே போங்கள். எத்தனை கோழிக்கு, எத்தனை நாளாக, ஒரு கண்ணா இரண்டா, நாற்றம் உண்டா, பரு உண்டா என்று பார்த்து வைத்ததைச் சொன்னால் மருத்துவருக்கு வேலை எளிது. எழுதிக் கொடுத்த நாள் வரை மருந்தை முழுக்கப் போடுங்கள். கண் திறந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். வரும்போது, "எத்தனை நாளைக்கு முட்டை தின்னக் கூடாது, விற்கக் கூடாது?" என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். இதைக் கேட்கத்தான் நாம் எல்லோரும் மறக்கிறோம்.

பீளமேடு, சரவணம்பட்டி, காளப்பட்டி சுற்றுவட்டாரச் சகோதரிகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. சரவணம்பட்டியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கோழி வளர்ப்புப் பயிற்சி பற்றிக் குழுவாகப் போய் விசாரிக்கலாம். உடுமலைப் பக்கம் உள்ளவர்களுக்கு 2020-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அருகில் இருக்கிறது.

மளமளவென்று சாய்ந்தால்

இதுவரை சொன்னதெல்லாம் வீட்டில் தாக்குப் பிடிக்கக்கூடியவை. முகம் வீங்கி, கொண்டை நீலம் பாய்ந்து, ஒன்றிரண்டு நாளில் பல கோழிகள் செத்தால் அது வேறு கதை. வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். இந்தியாவில் பறவைக் காய்ச்சல் முதலில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் வந்தது. கேரளாவில் ஆலப்புழைப் பக்கம் 2014, 2021, 2024 என்று திரும்பத் திரும்ப வந்தது. வாளையாறு தாண்டினால் நம் ஊர்தான். இப்படிச் சாகும் கோழியை அறுக்கவோ, மலிவு விலைக்குத் தள்ளிவிடவோ, குளத்தில் வீசவோ வேண்டாம். கை படாமல் வைத்துவிட்டு உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். வெள்ளைக் கழிச்சல் கிருமி கோழியைத் தொட்ட கையோடு கண்ணைக் கசக்கினால் நம் கண்ணையும் சில நாள் சிவக்க வைக்கும்.

வெள்ளைக் கழிச்சலுக்கும் அம்மைக்கும் தடுப்பு மருந்து இருக்கிறது. வெள்ளைக் கழிச்சலுக்குக் குஞ்சு பிறந்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டு வாரத்தில் இறக்கையில் ஊசி. அம்மைக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் இறக்கைச் சவ்வில் குத்துவார்கள். கண்ணில் சொட்டு விடுவதற்கும் காரணம் உண்டு. கோழியின் கண்ணுக்குப் பின்னால் நோய் எதிர்ப்பை உண்டாக்கும் ஒரு சுரப்பி இருக்கிறது, சொட்டு நேராக அங்கே போய் வேலை செய்கிறது. ஆப்பிரிக்காவில் மொசாம்பிக், தான்சானியா நாட்டுக் கிராமங்களில் நம்மைப் போன்ற பெண்களே பயிற்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் இந்தச் சொட்டு மருந்தைப் போடுகிறார்கள். நம் மாநிலத்தில் பிப்ரவரியை ஒட்டிக் கால்நடை பராமரிப்புத் துறை வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்தும். முகாம் தேதியைக் குழுத் தலைவி முன்கூட்டியே கேட்டுக் கூட்டத்தில் சொல்லிவிட்டால், அன்றைக்குக் காலையில் கோழியைத் திறந்துவிடாமல் வைத்திருக்கலாம். அவிழ்த்துவிட்ட பிறகு பிடிக்க ஓடுவது யாரால் ஆகும்? கண் வீங்கிய கோழி இருந்தால் முகாமுக்குத் தூக்கிப் போகாமல், விவரத்தை மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எல்லாம் செய்தும் சில கோழிக்கு ஒரு கண் போய்விடும். உடனே குழம்பில் போட நினைக்க வேண்டாம். அடிபட்டோ, அம்மையிலோ, சத்துக் குறைவிலோ கண் போன கோழி என்றால் ஒற்றைக் கண்ணோடு முட்டையிடும், அடையும் உட்காரும். தீனியும் தண்ணீரும் பார்வை உள்ள பக்கமாக வையுங்கள். பிடிக்கும்போதும் அந்தப் பக்கமாகவே போங்கள், இல்லையென்றால் மிரண்டு அடித்துக்கொள்ளும். குஞ்சு இறக்கினால் மட்டும் முதல் மாதம் வெளியே விடாமல் கொடாப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். குருட்டுப் பக்கமாக வரும் பருந்து அதற்குத் தெரியாது.